ஜெயா அக்கா மீட்டுக் கொடுத்த கல்யாணம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வளைகாப்பு வீட்டில் விளக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஜெயா அக்காவின் வீட்டுக்காரர் பாண்டி அண்ணனின் போன் வந்தது. “ஏலே மாடசாமி, ஒங்க அக்கா போயிட்டாளே.” இராஜபாளையத்தில் அவர்கள் வைத்திருந்த ஸ்டுடியோவில் ஜெயா அக்கா படம் எடுப்பார். நான் லைட்டுப் பிடிப்பேன். அந்த வெளிச்சத்தில் தாலி கட்டியவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

வத்திராயிருப்பில் ஒரு பட்டாளத்துக்காரருக்குக் கல்யாணம். அங்கே பரிமாறிய மாங்காய்ப் பச்சடியைப் பற்றியே ஒரு பொழுது பேசலாம், போகட்டும். மாப்பிள்ளை எல்லைக்குத் திரும்பிய சில நாளில் அவருடைய அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். அப்பாவும் மகனும் சேர்ந்து நின்ற படங்கள் அந்தக் கல்யாணத்தில் எடுத்தவை மட்டும்தான். கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாகிவிட்டது. படங்கள் அக்காவின் கணினியில்தான் இருந்தன.

ஆயுத பூசையன்று வேலை இல்லையே என்று அக்கா கணினிக்குப் புதுக் கெர்னல் ஏற்றினார். கணினியை எழுப்பி நடத்துகிற அடிப்படை நிரல் அது. அதுபாட்டுக்கு ஏறட்டும் என்று விட்டுவிட்டுப் பொரி வாங்கப் போனார். பூசை நேரத்தில் எந்த மெசினும் ஓடக்கூடாது என்பது நம் ஊர் வழக்கம். அண்ணன் மெயின் சுவிட்சை இறக்கி, கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார். கெர்னல் பாதியில் அறுந்தது தெரியாமல் பிறகு கணினியைப் போட்டால், வெள்ளை எழுத்துகள் ஓடி அப்படியே நின்றுவிட்டன. எந்தப் படம் டிஸ்கில் எங்கே கிடக்கிறது என்று கணினி வைத்திருந்த ஒழுங்கே குலைந்திருந்தது.

“ஏட்டி, சாமி கும்பிடுதப்ப மெசின் ஓடலாமா? எனக்கென்ன தெரியும்!”

“குங்குமம் வச்சீயள்ல, நீங்களே எழுப்புங்க.”

சர்வீஸ் கடையில், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவதுதான் வழி என்றார்கள். அக்கா பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார். “அந்தப் புள்ளயோட அப்பா இதுக்குள்ளதான் இருக்காரு. எடுக்காம விடமாட்டேன்.”

பென்டிரைவை வைத்துக் கணினியைக் கிளப்பி, டிஸ்க் முழுவதையும் இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்தார். “மொதல்ல காப்பி. பொறவுதான் கை வைக்கணும்.” பழுது நீக்கும் நிரல் ஒவ்வோர் இடத்திலும், சரிசெய்யட்டுமா என்று கேட்டது.

“எல்லாத்துக்கும் ஆமான்னு போடேன்,” என்றார் அண்ணன். அக்காவும் போட்டார். நகல் இன்னும் மோசமானது.

“ஒங்களக் கட்டுனப்பவும் இப்படித்தான் யோசிக்காம ஆமான்னேன்.”

மூல டிஸ்கிலிருந்து மறுபடியும் புது நகல். இந்தத் தடவை ஒவ்வொரு கேள்வியையும் நின்று படித்துப் பதில் கொடுத்தார்.

படங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. பல வருஷக் கல்யாணங்கள் கலந்து, வெறும் எண்களோடு கிடந்தன. பக்கத்தில் உட்கார்ந்து முகம் பார்த்துச் சொல்வது என் வேலை. எனக்கு ஒரு முகத்தைப் பார்த்தால் அந்தக் கல்யாணச் சண்டை முழுக்க ஞாபகம் வந்துவிடும்.

“ஏலே, கதையப் பொறவு சொல்லு. ஆளச் சொல்லு,” என்பார் அக்கா.

கடைசியில் அந்தப் படம் வந்தது. மகனின் கழுத்து மாலையில் சிக்கிய வாழைநாரை அப்பா குனிந்து பிரித்துக்கொண்டிருந்தார். அக்கா மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார். பிறகு அதற்கும் ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, படத்தை மாப்பிள்ளைக்கு அனுப்பினார்.

போன வாரம், காரியத்துக்கு வைக்க அக்காவின் படம் தேடி அண்ணன் கணினியைப் போட்டார். புதுக் கெர்னல் வந்திருக்கிறது, ஏற்றட்டுமா என்று திரை கேட்டது. நீட்டிய விரலை அவர் மடக்கிக்கொண்டார்.

“ஏலே, மொதல்ல காப்பிதான?”

“ஆமாண்ணே.”

காப்பி முடியும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தச் சொல்தான். இப்போதெல்லாம் யாராவது கேமரா கார்டைக் கேட்டால், படம் இரண்டு இடத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கொடுக்கிறேன்.