ஆடிக் கூழைக் கவிழ்த்த எத்திராஜ்

எத்திராஜ் இறந்துவிட்டார் என்று என்னிடம் வந்து சொன்னவர், ஊரே பார்க்க அவரைச் செருப்பால் அடித்தவர். அவருடைய சொந்த அண்ணன், பிள்ளைப்பாக்கத்து அம்மன் கோயில் பூசாரி கோவிந்தசாமி. போன மாதம் ஒரு காலையில் நான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, சேரப்பணஞ்சேரி வரைக்கும் சைக்கிள் மிதித்து வந்து என் வாசலில் நின்றார். ஸ்டாண்டு போடவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே "தம்பி பூட்டான்பா" என்றார். "உனக்கு மொதல்ல சொல்லணும்னு சொல்லிக்கினு இருந்தான்." அப்படியே சைக்கிளைத் திருப்பினார்.

எத்திராஜோடு வேலை செய்த நீங்கள் இதைப் படிப்பீர்கள். அவர் நல்லவர், பண்பானவர் என்று எழுத நான் உட்காரவில்லை. அது உங்களுக்கே தெரியும். எழவு வீட்டுப் பந்தலிலேயே ஒரு பொய் கிளம்பிவிட்டது, அதற்காக எழுதுகிறேன். கம்பெனியிலிருந்து மாலையோடு வந்திருந்த ஆபீஸ் ஆள், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "பீடி குடிச்சே நுரையீரலக் கெடுத்துக்கினாரு" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எத்திராஜ் வாழ்நாளில் பீடி தொட்டவரல்ல. அவர் நுரையீரலுக்குள் போன புகை எது என்று மாலை வாங்கக் காசு கொடுத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மோட்டார் வண்டிப் பாகங்களுக்குக் குரோமியம் பூசும் கம்பெனி அது. நான் பாலிஷ் போடும் பக்கம். அவர் குரோம் தொட்டியில். தொட்டியில் இருக்கும் கரைசல் செம்பழுப்பாக இருக்கும். மின்சாரம் பாயும்போது குமிழ் குமிழாகப் பொங்கி, மேலே மஞ்சளாக ஒரு மூட்டம் எழும்பும். தொட்டிக்காரர்கள் அந்த மூட்டத்துக்குள் குனிந்து நின்றுதான் வேலை செய்தார்கள். நான் சேர்ந்த அன்று எத்திராஜ் என்னைக் கூப்பிட்டார். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி ஒரு மூக்குத் துவாரத்தில் நுழைத்து, மறு துவாரத்தின் வழியாக வெளியே எடுத்தார். நடுவில் இருக்க வேண்டிய தடுப்பில் ஓட்டை. குரோமியம் அரித்திருந்தது. புதிதாக வரும் ஒவ்வொரு ஆளுக்கும் இதைச் செய்து காட்டுவது தொட்டிக்காரர்களின் வழக்கம்.

"இன்னா முழிக்கிற? மூக்குல ஓட்ட வுழுந்தாதான் இங்க பர்மனென்ட்டு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் விரல் முட்டிகளில் ஆணி அறைந்து பிடுங்கியது போல வட்டமான, ஆழமான புண்கள் இருந்தன. இதற்கெல்லாம் நிர்வாகம் தந்த வைத்தியம் ஒரு வாசலின் டப்பா. ஷிப்டு முடியும்போது ஆளுக்கொரு வாழைப்பழமும் வெல்லக்கட்டியும். வெல்லம் விஷத்தை முறிக்கும் என்பார் மேனேஜர். புகையை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு விசிறி வைக்கச் சொல்லிக் கேட்டபோதும், வெல்லம்தான் தருகிறோமே என்றார். படித்த மனிதர், வெட்கமில்லாமல் சொன்னார்.

தொட்டி கழுவிய தண்ணீரும் அடியில் படியும் வண்டலும் பின்பக்கம் ஒரு குழிக்குப் போயின. சிமென்ட் பூசாத வெறும் மண் குழி. பம்பு கெட்டுப்போகும் நாட்களில் வாளி வாளியாக அள்ளிக்கொண்டு போய் ஊற்றியவர் எத்திராஜ். குழி நிரம்பவே மாட்டேன் என்கிறதே என்று ஒருநாள் கேட்டேன். "மண்ணு குடிக்காததா? பொணத்தையே தின்னுடுது" என்றார். பயிர் வைத்த குடும்பத்து ஆள், மண்ணை நம்பினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தண்ணீர் மண்ணில் நிற்காது, இறங்கி ஓடும் என்று பாடம் படித்துச் சம்பளம் வாங்கியவர்கள் மேனேஜர் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு வருஷம் ஆடி மாதத்தில் கோயில் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாயிற்று. கோயிலுக்கும் கம்பெனிச் சுவருக்கும் இடையில் வயல்கள் மட்டும்தான். ஆனால் ஆடி மாதம், அம்மன் கோயில் கிணறு, மஞ்சள் தண்ணீர் என்றால் ஊர் வேறென்ன நினைக்கும்? ஆத்தா கிணற்றில் இறங்கியிருக்கிறாள் என்று பூசாரிக்கு அருள் வந்தது. மண்ணூரிலிருந்துகூட ஜனங்கள் குடங்களோடு வந்தார்கள். வாசலில் தெளித்தார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள், நோயாளிகளுக்கு உள்ளங்கையில் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தார்கள். எத்திராஜும் தலையில் தெளித்துக்கொண்டு வந்தவர்தான். வேலைக்கு வந்ததும் அதைச் சந்தோஷமாக எங்களிடம் சொன்னார்.

செய்தி கேட்டு மேனேஜர் காரில் வந்தார். அம்மனுக்கு மஞ்சள் பட்டுப் புடவை சாத்தினார், தேங்காய் உடைத்தார். பூசாரி கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் கொடுத்தபோது பயபக்தியோடு கையில் ஏந்தினார். குடிக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு கார் பக்கம் போனவர், ஃபிளாஸ்க்கிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவினார். பிறகு கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்து, அந்தக் கைக்குட்டையையும் வேலியோரம் எறிந்துவிட்டு ஏறினார். கார்க் கதவைத் திறந்துவிட நின்றிருந்த எத்திராஜ் அதைப் பார்த்தார். மறுநாள் தொட்டியருகே என்னிடம் சொன்னார்: "சாமித் தண்ணிய எவனாவது அப்புடித் தொடைப்பானா?"

கொஞ்ச நாளில் பிள்ளைகளுக்குப் புண் வந்தது. அம்மை என்றார்கள். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அம்மை கண்ட வீட்டில் ஆஸ்பத்திரிப் பேச்சு எடுக்கக் கூடாதென்பது நம் பக்கத்து வழக்கம். அதனால் அதே கிணற்றுத் தண்ணீரில் வேப்பிலையைப் போட்டு, அதே பிள்ளைகளுக்கு ஊற்றினார்கள். பூசாரியின் சின்னப் பெண் செல்விக்குக் காலில் புண். எத்திராஜ் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பாதத்தை ஒட்டித் தன் கையை வைத்துப் பார்த்தார். அதே வட்டம், அதே ஆழம்.

அண்ணனைத் தனியே அழைத்துச் சொன்னார். "தொட்டியில கெடந்து ஒனுக்கு மூக்குதான் பூட்ச்சின்னு பாத்தா, கண்ணும் பூட்ச்சா?" என்று பூசாரி சீறியிருக்கிறார். எத்திராஜ் சூப்பர்வைசரிடம் போய்க் குழியில் ஊற்றுவதை நிறுத்தச் சொன்னார். கூலிக்காரன் டாக்டராகிவிட்டானா என்று கேட்டு அனுப்பிவிட்டார் அவர். கலெக்டருக்கு மனுப் போடலாம் என்று நான் சொன்னேன். "போடு, நல்லாப் போடு. ஞாயித்துக்கெழம ஆத்தாவுக்குக் கூழு ஊத்துறாங்க. அந்தத் தண்ணியிலதான் காச்சப் போறாங்க. ஊரே குடிக்கும். ஒன் மனு அதுக்குள்ள வந்துருமா?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். கோயிலுக்கு எதிரே பெரிய அண்டாக்களில் கேழ்வரகுக் கூழ். தூக்குச்சட்டியும் சொம்புமாக வரிசை தெருமுனை வரை நின்றது, முன்னால் முழுக்கப் பிள்ளைகள். எத்திராஜ் விடியற்காலையிலிருந்து அண்ணனிடம் கெஞ்சிவிட்டு ஓய்ந்து போய் ஓரமாக நின்றார். படையல் முடிந்து பூசாரி அகப்பையைக் கையில் எடுத்தார். எத்திராஜ் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு நேராகப் போனார். முதல் அண்டாவின் விளிம்பைப் பிடித்துச் சாய்த்தார். பிறகு அடுத்தது. கூழ் முழுதும் மண்ணில் ஓடியது. அவர் முன்கையெல்லாம் வெந்துவிட்டது.

வரிசையைப் பார்த்து அவர் சொன்னார்: "இது ஆத்தா இல்ல. எங்க கம்பெனித் தொட்டித் தண்ணி. குழியில ஊத்துனது நானு."

வரிசையில் நின்ற ஒரு அம்மாள் நம்ப முடியாமல், "நீயாடா ஊத்தின?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா. இந்தக் கையாலதான்."

அதற்குப் பிறகுதான் அடி விழுந்தது. வெளியே கிடந்த யாருடைய செருப்பையோ எடுத்து முதலில் அடித்தவர் பூசாரி. தொடர்ந்து யார் யாரோ. நானும் இன்னும் ஓரிருவரும் குறுக்கே விழுந்து இழுத்தோம். எத்திராஜ் ஒரு கையைக்கூட உயர்த்தவில்லை. வாயில் ரத்தத்தோடு அண்ணனைப் பார்த்து, "அடிச்சுக்கோ. செல்விக்கு மட்டும் அந்தத் தண்ணிய ஊத்தாத" என்றார்.

மறுநாள் கம்பெனி கேட்டில் அவரை நிறுத்திவிட்டார்கள். ஆலைக்கு அவதூறு உண்டாக்கினார் என்று காரணம் சொல்லி வேலையை விட்டு நீக்கினார்கள். ஊர், தெய்வக் குற்றம் என்று சொல்லி அவர் வீட்டோடு பேச்சை நிறுத்தியது. இரண்டு பக்கமும் ஒரே மனிதனைத்தான் குற்றவாளியாக்கின. குழியை வெட்டச் சொன்னவனையோ, கையைத் துடைத்துவிட்டுக் காரில் போனவனையோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் அந்த வாரமே பூசாரியின் மனைவி யாரிடமும் கேட்காமல் செல்வியை ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் அம்மா குழந்தையின் காலைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சின்னப் பொண்ண எந்தக் கம்பெனிக்கு வேலைக்கு அனுப்புறீங்க?" என்று கோபமாகக் கேட்டாராம். தொட்டி வேலை செய்பவர்களின் கைகளில் அதே புண்ணைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர் அவர். மனைவி வந்து இதைச் சொன்னதும் பூசாரி எழுந்து கிணற்றடிக்குப் போனார். கிணற்றின் மேல் பலகை போட்டு, அதன் மேல் முள்ளை வெட்டிப் போட்டார். செல்விக்குக் கால் ஆறியது. தழும்பு இருக்கிறது. தம்பியிடம் மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஆனால் எத்திராஜ் படுக்கையில் விழுந்த பிறகு தினமும் வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார்.

கம்பெனி என்ன செய்தது? ஊரின் மறுகோடியில் ஒரு கைபம்பு போட்டது, அதன் மேடையில் தன் பெயரைப் பெரிதாகப் பொறித்தது. பழைய குழியை மண்ணால் மூடிவிட்டு சுவருக்குள்ளேயே வேறொரு மூலையில் இன்னொன்று வெட்டியது. அதிகாரிகள் வந்து மேனேஜர் அறையில் டீ குடித்தார்கள், கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் எடுத்துப் போனார்கள். அந்த பாட்டில் எங்கே போயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எத்திராஜ் பிறகு கிடைத்த கூலி வேலைக்குப் போனார். மூட்டை தூக்கினால் மூச்சு வாங்கியது. சாலையோரம் புதிதாக ஒரு கம்பெனி ஷெட் எழும்பினால் போதும், பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுவார். அங்கே வேலை செய்பவர்களை டீக்கடையில் பிடித்து, "கழுவுற தண்ணி எங்க போவுது?" என்று கேட்பார். வேறு எதுவும் கேட்க மாட்டார். நம்மில் சிலரே அவரைத் தண்ணி எத்திராஜ் என்று கேலி செய்தோம். அவருக்கு அதில் வருத்தமில்லை. "தண்ணி போடாமலே அந்தப் பேர வாங்கிட்டேன் பாரு" என்று சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும், இருமினால் ரத்தம் வரும். மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் நுரையீரலில் கட்டி என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நான் போயிருந்தபோது, உன் புதுக் கம்பெனியில் கேட்டாயா என்றுதான் முதலில் விசாரித்தார்.

அந்தக் கேள்வி ஒன்றுதான் அவரிடமிருந்து என்னிடம் இருக்கிறது. நான் இப்போது ஒரகடம் சாலையில் பெயின்ட் அடிக்கும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். சேர்ந்த புதிதில் கேட்டபோது, வந்த வேலையைப் பார் என்றார் சூப்பர்வைசர். எத்திராஜின் கருமாதி முடிந்த மறுநாள் மறுபடியும் கேட்டேன். இந்த முறை என் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் பின்சுவரைக் காட்டினார். மூவரும் போய் எட்டிப் பார்த்தோம். சுவரடிக் குழாயிலிருந்து எங்கள் கம்பெனி கழுவிய தண்ணீர் வயலில் விழுந்துகொண்டிருக்க, அந்தப் பக்கம் ஒரு குடும்பம் முழங்கால் தண்ணீரில் நின்று நாற்று நட்டுக்கொண்டிருந்தது. அவர்களைக் கரையேறச் சொல்ல நாங்கள் சுவரேறி அந்தப் பக்கம் குதித்தோம்.