ஹங்கேரி மொழிக்கு நான் போட்ட ஒரே ‘க’

பேசுவதைக் கேட்டுத் தானே எழுதிக்கொள்ளும் கம்ப்யூட்டர் ஒன்றை ஹங்கேரி நாட்டு மொழிக்காகப் பெங்களூர் தொம்மலூரில் செய்துகொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். 2000-க்குப் பிந்தைய வருஷங்கள் அவை. தமிழ் மீடியத்தில் பத்தாவது படித்து, டைப்ரைட்டிங் லோயர் முடித்த என்னை எடுத்தது காதுக்காகத்தான். அந்த மொழியிலும் நம்மைப் போலக் குறில் நெடில் உண்டு. ‘கொர்’ என்றால் வயதாம், ‘கோர்’ என்றால் நோயாம். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் பலருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. எனக்குப் பளிச்சென்று பிரிந்தன.

என் கணவர் வேலை பார்த்த பொம்மசந்திரா ஃபேக்டரி அப்போது மூடிக் கிடந்தது. விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலில் வியாழக்கிழமை நவநாளில் முழங்கால் போட்டுக் கேட்ட வேலை இது. ஆண்டவர் கொடுத்தார். எடுத்துக்கொள்வாரோ என்ற பயமும் முதல் நாளே கூட வந்துவிட்டது.

ஹங்கேரிக்காரர்கள் சொன்ன வார்த்தைகளை ஹெட்ஃபோனில் கேட்டு, கேட்டபடியே இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும். நெடிலுக்கு மேலே ஒரு கோடு. அர்த்தம் எங்களுக்குத் தெரியாது. யோசித்து அடித்தால் எனக்குக் கை ஓடாது. அதனால் ஒரு நோட்டில் முதலில் தமிழில் எழுதிக்கொள்வேன். பிறகு நோட்டைப் பார்த்து மடமடவென்று அடிப்பேன். பக்கத்து நாற்காலியில் ஒரு தங்கச்சி, வீட்டில் உருது பேசுகிறவள். எட்டிப் பார்த்துச் சிரிப்பாள்.

“என்னக்கா, ஹங்கேரிக்காரன் ஒங்க தெருவுலயா பொறந்தான்?”

ஒரு நாள் சூப்பர்வைசர் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். கன்னடக்காரர், என்னைவிடச் சின்னவர். பதிவு ஒன்றைப் போட்டார். ஒரு பெண் “கேப்” என்றாள். திரையில் வேறு வார்த்தை வந்து நின்றது.

“அந்தம்மா அவங்க பாஷையில மெஷின்னு சொல்றாங்க. நம்ம கம்ப்யூட்டர் படம்னு எழுதுது. சினிமா பைத்தியம் இதுக்கு!” என்றார். அவரே சிரிக்கவில்லை. “இங்கிலீஷ் கே எழுத்துக்கும் ஜீ எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாம யாரோ அடிச்சிருக்கீங்க. அதைப் பாத்துத்தான் இதுவும் கத்துக்கிச்சு. நாளைக்கு எல்லாருக்கும் காது டெஸ்ட். தேறாதவங்க வேற வேலை பாத்துக்கலாம்.”

எல்லார் வேலையும் ஒரே கட்டாகக் கலந்து போய்விட்டதால், யார் அடித்தது என்று அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் டெஸ்டில் நான் ஒன்றுகூடத் தவறாமல் சொன்னேன். தங்கச்சிதான் நாலு வார்த்தை விட்டாள். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

“சளிக்கா, காது அடைச்சிருக்கு. கேவும் ஜீயும் எனக்கா தெரியாது? எங்க பாஷையில மாத்திச் சொன்னா எங்கம்மாவே தலையில குட்டும்,” என்று படிக்கட்டில் நின்று அழுதாள்.

அவள் போன பிறகு நோட்டைத் திறந்தேன். கேப். நாலு வரி தள்ளி, கேப். ஜீ போட வேண்டிய மெஷினுக்கும் அதே ‘க’, கே போட வேண்டிய படத்துக்கும் அதே ‘க’. அடுப்புக்கு வருகிற கேஸையும் கோர்ட்டில் நடக்கிற கேஸையும் நாம் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். அர்த்தம் தெரிவதால் வாய் சரியாக வாசித்துவிடுகிறது. அர்த்தம் தெரியாத பாஷையில் எதை வைத்து வாசிப்பது? ‘க’ என்று இருந்த இடத்திலெல்லாம் கே அடித்திருந்தேன். காதில் சரியாக விழுந்ததை என் கையே அழித்திருந்தது.

நோட்டைச் சேலைக்கடியில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியும்? அந்தப் பாவத்தோடு ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்க எழுந்து போகவில்லை.

“ஒடம்பு சரியில்லையா?” என்று கணவர் மெதுவாகக் கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க.” அவரிடம் என்னவென்று சொல்வேன்? வீட்டில் அப்போது வேலைக்குப் போனது நான் ஒருத்திதான்.

திங்கட்கிழமை நோட்டைச் சூப்பர்வைசர் மேஜைமேல் வைத்துச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு வரியில் விரல் வைத்தார்.

“இது மெஷினா, படமா?”

“தெரியல சார்.”

“இது?”

“தெரியல சார்.”

அவர் நோட்டை டிராயரில் போட்டுப் பூட்டினார். போனை எடுத்துத் தங்கச்சியைத் திரும்ப வரச் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. ‘இயேசுவே, இயேசுவே’ என்பதைத் தவிர எனக்குள் வேறு ஜெபம் வரவில்லை.

“நான் கெளம்பட்டுமா சார்?”

“எங்க கெளம்பறீங்க அக்கா? ஹெட்ஃபோன் மாட்டுங்க. மொதல் பதிவுலேர்ந்து மறுபடி கேளுங்க. நோட்டு கீட்டு எதுவும் வேணாம்.”

உட்கார்ந்தேன். முதல் வார்த்தை காதில் விழுந்தது. கே எழுத்துக்கும் ஜீ எழுத்துக்கும் நடுவில் விரல் நின்றது. அடித்ததை நம்ப முடியாமல் மறுபடி கேட்டேன், அழித்தேன், அதையே மறுபடி அடித்தேன். மத்தியானம் தங்கச்சி வந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்து நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். நான் அப்போது பதினோராவது வார்த்தையை மூன்றாம் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.