மருதமுனையில் கூடிய சர்வதேச நீதிமன்றம்

மட்டக்களப்பிலிருந்து மருதமுனை ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். 1998 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அந்தத் தூரத்துக்கு எனக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. பஸ்ஸுக்குப் பதினெட்டு ரூபாய். சோதனைச் சாவடிகளில் இறங்கி நடந்தது இலவசம். ஆனால் அலுப்பே தெரியவில்லை. நிரந்தரமான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அமைக்க ரோமில் முந்தைய மாதம்தான் ஒப்பந்தமாகியிருந்தது. சட்டம் படித்துக்கொண்டிருந்த எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மருதமுனையில் ஆசிரியராக இருந்த நண்பன் நௌபர், பள்ளி மண்டபத்தில் மாதிரி நீதிமன்றம் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தான். கறுப்பு அங்கியோடு நான்தான் நீதிபதி! சாட்சியின் முகத்தை மறைக்க ஊர்க் கைத்தறித் துணியில் திரை; பெயருக்குப் பதில் ‘சாட்சி அ’. எல்லாம் ஹேக் நகரின் போர்க்குற்ற நீதிமன்றத்தில் செய்வது போலவே.

பத்து மணிக்கு முன்பே ஒரு பெண் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கையில், 1990இல் வயலுக்குப் போய்த் திரும்பி வராத கணவரின் அடையாள அட்டைப் பிரதி. நெசவு செய்யும் ரஹீமா, ஊருக்கெல்லாம் ராத்தா, அதாவது அக்கா, என்றான் நௌபர். ஒலிபெருக்கியில் அறிவித்தபோது ‘மாதிரி’ என்பதைச் சொல்ல மறந்துவிட்டானாம், மடையன். உண்மையான நீதிமன்றம் என்று நம்பி வந்திருந்தார் அவர்.

உண்மையைச் சொன்னேன். இது நடிப்பு. ருவாண்டாவுக்கான நீதிமன்றம் 1994ஆம் ஆண்டை மட்டுமே விசாரிக்கும். ரோமில் முடிவான புதியது இனி நடப்பவற்றை மட்டும்.

“அப்ப தொண்ணூறுல நடந்தது?”

“அதுக்குள்ள வராது, ராத்தா.”

“ஓம், விளங்குது. வராட்டியும் எழுதலாந்தானே, தம்பி?”

எழுதினேன். திரைக்குப் பின்னால் உட்காரச் சொன்னதற்கு மறுத்துவிட்டார்.

“என்ட பேரையும் போடுங்க. வயலுக்குப் போன என்ட மாப்புளயத் தேடுறது ஆரெண்டு தெரியத்தானே வேணும்.”

அந்த நீதிமன்றங்களின் விதிப்படி, எழுதியதைச் சாட்சிக்கு அவருடைய மொழியிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தேன்.

“நீலச் சாரன் இல்ல தம்பி, அவர் உடுத்துப் போனது பச்ச. நான் நெய்தது.”

திருத்தினேன். ஒவ்வொரு பக்கத்திலும் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். நிமிர்ந்து பார்த்தால், அவருக்குப் பின்னால் மண்டப வாசல் வரை வரிசை! அடுத்த தாளை எடுத்தேன். மாதிரி வழக்கு நடக்கவேயில்லை. திரும்பிப் போகும் இரண்டு மணி பஸ்ஸையும் தவறவிட்டேன்.

இப்படி ஏதாவது செய்யப் புறப்படுகிறவர்களுக்கு: காலை ஆறரை பஸ்ஸைப் பிடியுங்கள். அங்கியும் திரையும் வேண்டாம். உங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெற்றுத்தாள் மட்டும் கட்டுக்கட்டாகக் கொண்டுபோங்கள். என்னிடம் இருந்தது ஆறாவது ஆளோடு தீர்ந்துவிட்டது. ஏழாவதாக நின்றவர், தன் மகளின் பள்ளிக் கொப்பியில் மிச்சமிருந்த பக்கங்களைக் கிழித்து என் முன்னால் வைத்தார்.