மீட்டர் அக்காவின் மத்தியானச் சாப்பாடு

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. கேஸ் கம்பெனியின் வருகைப் பதிவில் அதே பெயர் ஓர் எழுத்துப் பிழையோடு இருந்தது. ஆனால் அவள் நடந்த தெருக்களில் எல்லாருக்கும் அவள் மீட்டர் அக்காதான். நீலச் சட்டை, தோளில் பை, கையில் டார்ச். வீடு வீடாகப் போய், நிலவறையிலும் மாடிப்படிக்கு அடியிலும் ஒளிந்துகிடக்கும் கேஸ் மீட்டரைத் தேடிப்பிடித்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, குழாய் மூட்டில் எங்கேயாவது கசிகிறதா என்று மோந்து பார்த்துவிட்டு வரவேண்டும். அதுதான் வேலை. அந்த வேலைக்கென்றே செய்து வைத்த மாதிரி ஒரு மூக்கு அவளுக்கு வாய்த்திருந்தது.

பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அம்மா போய்விட்டாள். அன்றைக்கு அடுப்பு முன் நின்றவள்தான். அப்பாவுக்கு, தம்பிக்கு, பிறகு படுத்த படுக்கையான அப்பாவுக்குக் கரைத்த கஞ்சி, அப்பா போன பிறகு தம்பிக்கும் அவன் மனைவிக்கும் என்று சமையல் அவள் கையை விட்டுப் போகவே இல்லை. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வீட்டு வாசல் வரை வந்து, உள்ளே அப்பாவின் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பியது. அடுப்படியில் நின்று நின்று சமையல் வாசம் தலைமுடியில் ஏறிப்போயிருக்கும். எல்லாருக்கும் போட்டுவிட்டு அவள் உட்காரும்போது பசி எப்போதோ செத்திருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மத்தியானம் மழைக்கு ஒதுங்கப் போய் அவள் ஒரு சூப் கடைக்குள் நுழைந்தாள். சைக்கிள் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நின்ற கடை. நாலு மேஜை, அதில் ஒன்றின் காலுக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். கைகளில் சூடு பட்ட தழும்போடு ஒருவர் வந்து, அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்து, "சூடு, பாத்து" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் யாரோ சமைத்ததை, யாரோ கொண்டுவந்து, உட்கார்ந்த இடத்தில் தன் முன்னால் வைத்தது அம்மா போன பிறகு அதுதான் முதல் தடவை. எலும்புச் சாறும் மிளகும் வதக்கிய வெங்காயமும் ஒன்றாகக் கிளம்பி முகத்தில் மோதின. மழை நின்றதுகூடத் தெரியாமல் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு மத்தியானம் அவள் வீட்டுச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனதே இல்லை. பஸ் நிலையத்துப் பின்னால் மீன் வறுத்து விற்கும் அம்மாவிடம் நின்றுகொண்டே சாப்பிடுவாள். பட்டறைத் தெரு முனையில் முட்டையை ரொட்டியில் சுருட்டித் தரும் வண்டியில் சாப்பிடுவாள். ஆனாலும் சுற்றிச் சுற்றி சூப் கடைக்கே வருவாள். எந்தத் தெருவில் ஆரம்பித்தால் பசி நேரத்துக்குச் சூப் கடை வாசலில் போய் நிற்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் காலையில் கிளம்புவாள். "நீ மீட்டர் பாக்கப் போறியா, மேயப் போறியா?" என்று தம்பி கேலி செய்வான்.

சூப்புக்காரரோடு அவளுக்குத் தினமும் ஒரு சண்டை உண்டு.

"அண்ணே, இன்னைக்கு மிளகை முன்னாடியே போட்டுட்டீங்க."

"ஐயோ, மூக்கா இது? என் பொண்டாட்டி இத்தனை வருஷமா என்னோட குப்பை கொட்டறா, அவளுக்கே இதெல்லாம் தெரியாது."

"கசிஞ்சா கண்டுபிடிக்கிற மூக்குண்ணே. சும்மாவா?"

கடையே சிரிக்கும். அவளுக்கென்று உலகத்தில் ஓர் இடம் இருந்தது என்றால் அது அட்டை முட்டுக் கொடுத்த அந்த மேஜைதான்.

ஒரு நாள் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறைப் படியில் யாரோ துணி அலசிய தண்ணீர் தேங்கியிருந்தது. கால் வழுக்கியது. பின்மண்டை படியில் அடித்த சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்டது. கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. தலையில் கட்டு, காதில் ஓயாத இரைச்சல். தம்பி மனைவி கொண்டுவந்து கொடுத்தது எல்லாம் வாயில் மண்ணாக இருந்தது. மாத்திரை தின்ற வாய், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். 'வெளியே போனதும் ஒரு கிண்ணம் சூப் உள்ளே இறங்கினால் எல்லாம் சரியாகிவிடும்.' படுக்கையில் கிடந்த நாளெல்லாம் அவளுக்கு அதே நினைப்புத்தான்.

கட்டுப் பிரித்த கையோடு நேராகச் சூப் கடைக்குத்தான் போனாள்.

"வாங்க வாங்க! உங்க மேஜையில ஒரு பயலையும் உக்கார விடலை தெரியுமா?" என்றார் சூப்புக்காரர். பச்சைப் பொய். அந்த மேஜையிலிருந்து ஒருவரை அப்போதுதான் எழுப்பி அனுப்பியிருந்தார். கிண்ணம் வந்தது. ஊதி ஊதிக் குடித்தாள். சூடு இருந்தது, உப்பு இருந்தது, தொண்டையில் மிளகின் காந்தல் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"அண்ணே, எலும்பு வாங்கற இடத்தை மாத்திட்டீங்களா?"

"இல்லையே, ஏன்?"

"வெந்நீர்ல உப்புப் போட்ட மாதிரி இருக்கு."

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சூப்புக்காரர் முகம் சுண்டிப்போனது. ஒரு கரண்டி எடுத்துத் தானே குடித்துப் பார்த்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். வெங்காயத்தைப் புதிதாக வதக்கி, பாத்திரத்தின் அடியிலிருந்து கெட்டியாக மொண்டு ஊற்றி, மறுபடி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

அவள் கிண்ணத்தை மூக்குக்குக் கீழே தூக்கிப் பிடித்தாள். ஆவி முகத்தில் பட்டது. ஈரமாக இருந்தது. வதங்கிய வெங்காயத்தை விரலால் எடுத்து நாசியோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். எழுந்து போய், கை கழுவும் இடத்தில் இருந்த சோப்பை எடுத்து மோந்து பார்த்தாள். தரை துடைக்கும் துணியைக்கூட எடுத்துப் பார்த்தாள்.

திரும்பி வந்து உட்கார்ந்து, "சூப்புல ஒண்ணும் குத்தமில்லண்ணே" என்றாள்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "மூக்குலேர்ந்து மூளைக்குப் போற நரம்பு நூல் மாதிரி இருக்கும்மா. விழுந்த வேகத்துல அறுந்திருக்கு."

"நாக்கு நல்லாத்தானே இருக்கு டாக்டர்?"

"நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்புன்னு ஏதோ கொஞ்சம்தான் தெரியும். நாம ருசின்னு சொல்றதுல முக்காவாசி மூக்கோட வேலை."

"திரும்ப வருமா?"

"சிலருக்கு வருது. ஒரு வருஷம் பாக்கலாம். அதுக்கு மேல..." என்று இழுத்து நிறுத்திவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினார்.

வீட்டில் தம்பி மனைவி ஆறுதல் சொன்னாள். "கண்ணு போகலை, காலு போகலை. சாப்பாடுதானே அண்ணி. உசிரு தப்பிச்சதே பெருசு." அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. "நல்லதாப் போச்சு, இனிமே சாக்கடை ஓரமா மூக்கைப் பொத்தாம நடக்கலாம்" என்றான் தம்பி. எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். கை முறிந்தால் பார்க்க நாலு பேர் பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள். இதற்கு யார் வருவார்கள்? இதைச் சொல்லி அழுதால் தின்னிப்பண்டாரம் என்றுதானே சொல்வார்கள்?

யாரும் இல்லாத நேரத்தில் சமையலறை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோவாள். காப்பிப் பொடி, மிளகு, வினிகர், பெருங்காயம். ஒரு நாள் பெட்டியின் அடியிலிருந்து அப்பாவின் போர்வையை எடுத்தாள். துவைக்காமல் அப்படியே மடித்து வைத்திருந்த போர்வை. அதை முகத்தில் அழுத்திக்கொண்டு ஆழமாக மூச்சு இழுத்தாள். துணி மூக்கில் உரசியது, அவ்வளவுதான். அன்றைக்கு அப்பா இரண்டாவது தடவை போனார்.

கம்பெனியில் அவள் இதைச் சொல்லவில்லை. தலைவலி என்று மட்டும் சொல்லி வேலைக்குத் திரும்பினாள். நிலவறைகளில் இறங்கினாள், எண்ணைக் குறித்தாள், பழக்கம் போலக் குழாய் மூட்டில் மூக்கை வைத்தாள், 'கசிவு இல்லை' என்று எழுதினாள். சீக்கிரம் திரும்பி வந்துவிடும், அதுவரை சமாளிக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒரு வீட்டில் மீட்டரின் முன் குனிந்து டார்ச்சைத் தட்டித் தட்டி எரியவைத்துக்கொண்டிருந்தபோது, மேல்படியில் இருந்து அந்த வீட்டுப் பெண், இடுப்பில் குழந்தையோடு, கத்தினாள்.

"என்னக்கா, கேஸ் நாத்தம் குடலைப் புடுங்குது, நீங்க பாட்டுக்கு அதுக்குள்ள நிக்கறீங்க!"

அவள் துள்ளி எழுந்தாள். குழாயைத் திருகி மூடினாள், அந்தப் பெண்ணையும் குழந்தையையும் தெருவுக்கு விரட்டினாள், ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். கசிவை அடைக்கும் ஆட்கள் வந்த பிறகு நேராக ஆபீஸுக்குப் போய் சூப்பர்வைசர் முன்னால் நின்றாள்.

"சார், எனக்கு வாசம் தெரியாது. விழுந்ததிலேர்ந்தே தெரியாது."

அவர் நல்ல மனிதர்தான். கையில் இருந்த பேனாவை மூடி வைத்தார். "ஏன்மா முன்னாடியே சொல்லலை?" என்றார். அவள் பார்த்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி ஆள் அனுப்பினார்கள். இன்னும் ஒரு வீட்டிலும் கசிந்துகொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவளுக்கு அதற்குப் பிறகு கண்ணை மூடினால் இடுப்பில் குழந்தையோடு நிற்கும் பெண்தான் தெரிந்தாள்.

நீலச் சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவளை ஆபீஸுக்குள் உட்கார வைத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை, திரையில் எண்கள். தெருவும் போயிற்று.

ஆபீஸிலிருந்து சூப் கடை தூரம். இருந்தாலும் சனிக்கிழமைகளில் போனாள். சூப்புக்காரர் விடுவதாக இல்லை. ஒரு வாரம் பூண்டைத் தட்டிப் போட்டார், ஒரு வாரம் எலும்பைத் தீயில் வாட்டிப் போட்டார். கிண்ணத்தை வைத்துவிட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த முகத்தைப் பார்ப்பதைவிட உப்பு வெந்நீரைக் குடிப்பது சுலபமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை அவளால் தாங்க முடியவில்லை.

"அண்ணே... வருதுண்ணே. லேசா வருது."

"நிஜமாவா?"

"ஆமாண்ணே. பழைய ருசி. அப்படியே இருக்கு."

கடை முழுக்கக் கேட்கிற மாதிரி அவர் அதைச் சொல்லிக் கூத்தாடினார். அவள் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, சிரித்த முகத்தோடு வெளியே வந்து, தையல் கடையைத் தாண்டியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு போகவில்லை.

சில வாரம் கழித்து அவரே ஆபீஸுக்கு வந்துவிட்டார். கையில் தூக்குப் பாத்திரம். வரவேற்பு மேஜைப் பக்கத்தில், தழும்புக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"ஏன் வர்றதே இல்லை?"

"வேலைண்ணே."

"அன்னைக்குப் பழைய ருசின்னு சொன்னீங்களே" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க போனப்புறம் அடுத்த ஆள் வாயில வெச்சதும் துப்பிட்டார். அன்னைக்கு சூப்பு அடி பிடிச்சிருந்துச்சு. நான் கவனிக்கலை."

அவள் வரவேற்பு மேஜையில் கிடந்த பதிவேட்டை நேராக நகர்த்தி வைத்தாள்.

"கோவமெல்லாம் இல்லை. எனக்காகத்தானே சொன்னீங்க? சாப்பிடாட்டியும் பரவாயில்லை, சும்மா வந்து உக்காருங்க. கொஞ்ச நேரம் என்னைத் திட்டிட்டுப் போங்க."

"முடியாதுண்ணே. பட்டினி கிடக்கறவளை விருந்து வீட்டு வாசல்ல உக்கார வெச்ச மாதிரி இருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். பாத்திரத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். கூட வேலை செய்பவர்கள் அதைப் பங்கு போட்டுக் குடித்தார்கள். "யாருக்கா இது, அமிர்தமா இருக்கு!" என்றார்கள். அவள் பாத்திரத்தைக் கழுவி, மறுநாள் ஒரு ஆளிடம் கொடுத்தனுப்பினாள்.

வருஷம் ஓடியது. டாக்டர் அவள் மூக்கருகில் சின்னச் சின்னக் குப்பிகளாகக் காட்டினார். அவள் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையசைத்தாள். "பழகிக்க வேண்டியதுதாம்மா" என்றார். எடை மட்டும் குறையக் கூடாது என்றார். அதனால் மணி பார்த்துச் சாப்பிட்டாள். வீட்டிலிருந்து கொண்டுவந்ததைத் திரையின் முன்னாலேயே வைத்துக்கொண்டு, வேலையை நிறுத்தாமல், மருந்து இறங்குவது போல இறக்கினாள்.

அவள் நடந்த தெருக்களுக்குப் புதிதாக ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். வாயாடி, எல்லாரையும் உடனே அக்கா அண்ணா என்று கூப்பிட்டுவிடுகிறவள். ஒரு நாள் காலை கிளம்பும்போது அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அந்தப் பக்கம் மத்தியானம் எங்க சாப்பிடறது? சைக்கிள் கடைப் பக்கத்துல ஒரு சூப் கடை இருக்கே, அங்க உங்களைத்தான் கேட்டாங்க. எப்படி இருக்கும் அங்க சூப்பு?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். சொல்ல வாயைத் திறந்தாள். கடை கண்முன் வந்து நின்றது. ஆவி படிந்த கண்ணாடி, விளிம்பு உடைந்த கிண்ணம், ரேடியோ, மழைச் சத்தம் எல்லாம் வந்தன. நினைவிலேயே சூப்பை வாயில் வைத்தாள். அங்கே ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தேடினாள். மீன், முட்டை ரொட்டி, சின்ன வயதில் அம்மா கையால் ஊட்டியது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் படமாக இருந்தன. ஒன்றிலும் வாசம் இல்லை. மூக்கு போனாலும் சாப்பிட்டதெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தாள். அது எப்போது காலியானது என்றே தெரியவில்லை.

"அக்கா?"

"நல்லா இருக்கும்" என்றாள். "சூடா இருக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படியில் தடதடவென்று இறங்கிப் போனாள். அவள் திரையின் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து எண்களை அடிக்க ஆரம்பித்தாள்.