கடைசிப் பக்கம் வரை

கல்லூரி நூலகத்தில் நகல் எடுக்கும் அக்காவுக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘ஒரு அத்தியாயம்’. பதினெட்டு வருடமாக, யார் எந்தப் புத்தகத்தை நீட்டினாலும் அவர் சொல்வது அதுதான். அதற்கு மேல் நகலெடுப்பது எழுதியவரின் உரிமையில் கைவைப்பது என்பது நூலக விதி. கெஞ்சினாலும் கொஞ்சினாலும் அக்கா மசியமாட்டார்.

அன்று வந்தவள் மாணவி இல்லை, ஒரு தாய். மகளுக்கு வந்திருக்கும் அபூர்வமான தசைநோயைப் பற்றிய ஆய்வேட்டின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்தாள்.

“முழுசா வேணும்க்கா. எந்தப் பக்கத்துல என் பொண்ணுக்கு வழி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அக்கா அந்தச் சீட்டைக் கையில் வாங்கினார். சீட்டோடு நூலகரிடம் போனார்.

நூலகர் கணினியில் தேடிப் பார்த்துச் சிரித்தார். “இதுக்கா முகத்தை இப்படித் தொங்கப் போட்டிருக்கீங்க? எழுதின டாக்டரம்மாவே யார் வேணும்னாலும் படிக்கலாம், நகல் எடுக்கலாம்னு திறந்து விட்டிருக்காங்க.”

“முழுசாவா சார்?”

“முழுசாத்தான்.”

நூலகர் கணினியிலிருந்தே ஆய்வேட்டை அனுப்ப, நகல் இயந்திரம் ஓடியது. முதல் அத்தியாயம் முடிந்ததும் பழக்கதோஷத்தில் அக்காவின் விரல் அதை நிறுத்திவிட்டது. “அய்யய்யோ!” என்று மறுபடி ஓடவிட்டார்.

தாள்கள் வந்துகொண்டே இருந்தன. வருடக்கணக்கில் பாடுபட்டு எழுதியதை, முகம் தெரியாத ஒருத்திக்காக இப்படி அள்ளிக் கொடுக்க ஒரு மனசு இருக்கிறதா! அக்கா மலைத்துப்போய் நின்றார்.

இருநூற்றுப் பன்னிரண்டாவதான கடைசித் தாளில், அந்த மருத்துவரின் முகவரி இருந்தது.

“எழுதிக் கேளும்மா,” என்று அக்கா சூடான தாள்கட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக் கொடுத்தார்.