கோலாவின் கருவாட்டுப் பை

வெற்றிக்கு மூக்கு என்று ஒன்று வேலை செய்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். எண்ணூர்க் குப்பத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவன், எங்கள் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். நான் அங்கே ஆபீசில் பில் போடுகிறவள். அவன், நான், டிரைவர் ரோஷன் மூவரும் லீவு கிடைத்தால் ஆந்திர எல்லை மலைகளில் ஏறப் போவோம். வெற்றி மட்டும் நாய் இல்லாமல் வரமாட்டான்.

நாயின் பெயர் கோலா. காலி கன்டெய்னருக்குள் குட்டியாகக் கிடந்ததைத் தூக்கிவந்து வளர்த்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தீபாவளிக்குத் தனக்குச் சட்டை எடுக்கிறானோ இல்லையோ, கோலாவுக்குப் புதுக் கழுத்துப்பட்டை வந்துவிடும். அதெல்லாம் சரி, அதற்குச் சோறு கட்டுகிற அழகைத்தான் பார்க்க முடியாது. வேகவைத்த மீன் தலையைச் சோற்றோடு கையால் பிசைவான், அந்தக் கையைப் பேண்டில் துடைத்துவிட்டு நம்மிடம் பிஸ்கட் நீட்டுவான். அதை வாங்கித் தின்கிற ரோஷனைப் பார்த்தாலும் எனக்குக் குமட்டும்.

போன சித்திரையில் ஒருமுறை போனோம். வெயிலுக்குச் சோறு ஊசிப்போகும் என்று யோசித்து, கோலாவுக்கு ஒரு பை நிறையக் கருவாடு கட்டிவந்தான். வேனில் ஏறியதுமே என் போர்வை வரைக்கும் நாறிவிட்டது. இது நாய்க்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டேன்.

"கடலுக்கே இத்ததான் எட்துகினு போறோம். மலைக்கு இன்னா?" என்றான்.

சாயங்காலம் மேலே போய்ச் சேர்ந்ததும் கோலா அள்ளி அள்ளித் தின்றது. விடிவதற்குள் அதற்கென்று வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டது. பக்கத்து ஓடையை நம்பித்தான் குறைவாகக் கொண்டுபோயிருந்தோம். காலையில் போய்ப் பார்த்தால் ஓடை காய்ந்து கிடந்தது. எங்கள் பாட்டில்களில் மிச்சம் இருந்ததையும் அதற்கே ஊற்றினோம். குடித்த வேகத்தில் என் பைமேலேயே வாந்தி எடுத்தது. கருவாடும் நுரையுமாக, பார்க்கவே சகிக்கவில்லை. பிறகு கால் மடங்கி அப்படியே படுத்துவிட்டது.

நிழலில் விட்டுவிட்டுப் போய்க் கீழேயிருந்து தண்ணீர் கொண்டுவரலாம் என்றான் ரோஷன். வெற்றி தன் பையைக் கவிழ்த்துக் காலிசெய்தான், கோலாவை அதற்குள் வைத்துத் தலையை மட்டும் வெளியே விட்டு முதுகில் மாட்டிக்கொண்டான். அவன் துணிமணிகள் ரோஷனிடம் போயின. கருவாட்டைக் காட்டில் வீசினால் மிருகம் எதுவாவது தின்று இதே கதிதான் ஆகும். அதனால் அந்தச் சனியன் பிடித்த பை என் தோளுக்கு வந்தது.

வழி முழுக்க வெற்றியின் கழுத்தில் எச்சில் வழிந்தபடி இருந்தது. அவன் துடைக்கவே இல்லை. பாதி வழியில் கோலாவின் தலை தொங்கிவிட்டது. அப்போதுதான் வாய் திறந்தான்.

"போட்ல எப்பவும் தண்ணி ட்ரம்மு கீது. இங்க அது இல்லன்னு மண்டைல ஏறவே இல்ல மகிமா. நாந்தான் இத்த சாவடிக்கிறேன்."

இல்லை என்று ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன்மேல் அவ்வளவு கோபம்.

அடிவாரத்தில் மாந்தோப்பு ஒன்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வெற்றி வாய்க்காலில் இறங்கி நாயைத் தண்ணீரில் கிடத்தினான். உள்ளங்கையில் ஏந்திக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினான். வெகுநேரம் அசைவே இல்லை. நான் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கோலா எழுந்தது. தள்ளாடிக்கொண்டு, சேறும் வாந்தியும் ஒட்டிய மூஞ்சியோடு நேராக என்னிடம் வந்தது. என் மடியில் ஏறி, தோளில் கிடந்த கருவாட்டுப் பைக்குள் மூக்கை விட்டது.

வெற்றி சேற்றிலேயே உட்கார்ந்து அழுதான். நான் பையை இறுக்கி மூடிப் பின்னால் தள்ளினேன். கோலா என் கன்னத்தை நக்க ஆரம்பித்தது. எனக்குக் குமட்டிக்கொண்டுதான் வந்தது, ஆனால் முகத்தைத் திருப்பவில்லை.