முதுகு மச்சமும் நான் அழித்த மூன்று படங்களும்

யுத்த காலத்தில் கண்டியில் அரச உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தான் நான். அலவத்துகொடையில் வாடகைக்கு இருந்தோம். என் முதுகில் ஒரு கறுப்பு மச்சம் பெருப்பது போலிருந்தது. கண்டியில் இருந்த எங்கள் ஊர்க்காரரான தோல் வைத்தியர், அளவு தெரியப் பக்கத்தில் அடிமட்டம் வைத்து மாதம் ஒரு படம் டிஜிட்டல் கமராவில் எடுத்து, மூன்று மாதத்தில் கொண்டுவரச் சொன்னார். மனைவிதான் எடுத்தாள்.

குறித்த நாளில் கமராவோடு பஸ் ஏறினோம். கட்டுகஸ்தோட்டைச் சோதனைச்சாவடி நெருங்கியது. தமிழன் உடம்பில் தழும்பைக் கண்டால் எந்தச் சண்டையில் பட்டது என்று கேட்கும் காலம்.

"இஞ்சருங்கோ, உந்தப் படங்களைப் பாத்தா வெடிபட்ட காயம் எண்டெல்லோ நினைப்பாங்கள்!" என்றாள் மனைவி.

மூன்று படங்களையும் அழித்தேன். சிப்பாய் அடையாள அட்டையை மட்டும் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டான்.

"பழைய படம் இல்லாம, வளந்திட்டுதோ எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்று வைத்தியர் ஏசினார். "இனிப் பாத்துக்கொண்டிருக்கேலாது. வெட்டிச் சோதிப்பம்."

புற்றுநோய்தான். ஆரம்ப நிலை என்பதால் வெட்டியதோடு தப்பினேன். முடிவைக் கேட்டபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இருந்த பயம் முழுவதையும் அந்தக் கொட்டாவிக்காரச் சிப்பாயிடம் செலவழித்துவிட்டிருந்தேன்.

திரும்ப வருகிறதா என்று பார்க்க, வெட்டிய இடத்தை இப்போதும் மாதந்தோறும் படம் எடுக்கிறோம். ஒரு பிரதி வைத்தியரின் கணினியில் இருக்கிறது. இவை நோயாளியின் தோலைக் காட்டும் படங்கள் என்று அவர் சிங்களத்தில் எழுதித் தந்த கடிதம் கமராப் பையை விட்டு வெளியே வருவதில்லை.

"சிரியாதேங்கோ, முதுகு ஆடுது," என்பாள் மனைவி.

நான் சிரிக்கவில்லை என்று அவளிடம் சொல்வதில்லை.